சீலோவாம் கோபுரமும் நமது கண்ணீரும்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடிய அக்காலைப் பொழுதிலேயே ஆழிப்பேரலை எழுந்தது. முல்லைத்தீவிலும் மணற்காட்டிலும் நாவலடியிலும் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்தன. இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் பால்மணம் மாறாத குழந்தைகளும் இருந்தனர். நல்லவரான இறைவன் இதனை ஏன் அனுமதித்தார்? ஆண்டுகள் பல கடந்தும் இக்கேள்வி ஓயவில்லை.

'இது பாவத்திற்குக் கிடைத்த தண்டனை' என்று அன்று கூறியவர்களும் உளர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதைப் போன்றது. அத்தகைய தீர்ப்பை ஆண்டவர் இயேசு ஏற்கவில்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாக உரைத்தார் (லூக்கா 13:4-5). மனம் மாறுமாறு உயிரோடிருந்தவர்களைக் கேட்டாரேயன்றி, மாண்டவர்கள்மீது பழி சுமத்தவில்லை.

தீமை என்பது இறைவன் படைத்த ஒரு பொருளன்று. அது நன்மையின் குறைபாடே என்றார் புனித அகுஸ்தீனார். மலைகளை உயர்த்தும் அதே நிலத்தட்டுக்களின் அசைவுதான் சுமாத்திராவின் அருகே கடலைப் பொங்கச் செய்தது என்கிறது அறிவியல். இவை சிந்தனைக்கு ஒளி தருகின்றன. ஆயினும் கல்லறையருகே நிற்பவரின் கண்ணீரைத் துடைப்பதில்லை. இக்கேள்விக்கு அவசரமான விடை போதாது என்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஏற்றுக்கொள்கின்றது.

யோபுவின் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். ஏழு நாட்கள் அவரோடு மௌனமாகத் தரையில் அமர்ந்திருந்தவரை அவர்கள் உண்மையான நண்பர்களாயிருந்தனர். கடவுளுக்காக வழக்காடத் தொடங்கியபோதோ அவரைக் காயப்படுத்தினர். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது அந்நண்பர்களையே. தம்மிடம் முறையிட்டு அழுத யோபுவை அன்று. எனவே, 'ஏன் ஆண்டவரே?' என்று கேட்பது அவநம்பிக்கையாகாது. இறைவன் நல்லவர் என நம்புகிறவர்தாம் அவரிடம் அவ்வாறு கேட்க இயலும்.

அக்கேள்வியை இயேசுவே சிலுவையில் எழுப்பினார். இலாசரை உயிர்ப்பிக்கப்போவதை அறிந்திருந்தும், அவரது கல்லறையருகே கண்ணீர் விட்டார். நம் இறைவன் துன்பத்தைத் தொலைவில் நின்று பார்ப்பவரல்லர். அதனுள் இறங்கி, சாவையும் சுவைத்து, உயிர்த்தவர். விளக்கத்திற்குப் பதிலாக அவர் நமக்குத் தந்தது தம்மையே.

ஆகவே, டிசம்பர் 26 மீண்டும் வரும்போது, துயருற்ற உங்கள் அயலவரிடம் விளக்கங்களைச் சுமந்து செல்லாதீர்கள். அவரோடு சேர்ந்து ஒரு மெழுகுதிரியை ஏற்றுங்கள். இழந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர் அழும்போது, அருகில் அமர்ந்து செவிமடுங்கள். அழுவோரோடு அழுத ஆண்டவர் அங்கே உங்களோடு இருப்பாராக!