வடிகாலும் வருங்காலமும்

‘வடிகால்’ என்பது வினைத்தொகை. வடிந்த கால், வடிகின்ற கால், வடியும் கால் என முக்காலத்துக்கும் விரித்தற்குரிய அச்சொல்லை வகுப்பில் எடுத்தாளும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணந் தோன்றுவதுண்டு. சொல் மூன்று காலத்தையுந் தழுவி நிற்க, நகரங்களில் வெட்டப்படும் வடிகாலோ இறந்தகாலம் ஒன்றையே நம்பி நிற்கின்றது.

பொறியியலாளர் கான் வெட்டுமுன் பழைய மழைப் பதிவேடுகளைப் புரட்டுவர். பத்தாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க மழை இவ்வளவு என்று வரையறுத்து, அதற்கேற்ப அகலமும் ஆழமுங் கணிப்பர். ‘பத்தாண்டு மழை’ என்றதும், ஒருமுறை பெய்துவிட்டால் அடுத்த ஒன்பது ஆண்டுகளும் அச்சமில்லை என்று பலர் கொள்வர். அது பிழை. ஒவ்வோராண்டும் அம்மழை வருதற்கு நூற்றுக்கு 10 வாய்ப்புண்டு என்பதே பொருள். பத்தாண்டுக்குள் ஒருமுறையேனும் வந்துவிடுதற்கு நூற்றுக்கு 65 வாய்ப்புண்டு. இக்கணக்குங்கூட, வானம் பழைய வழக்கம் மாறாது பொழியும் என்னுங் கொள்கையின்மேல் எழுந்ததாகும். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், அது தாங்கவல்ல நீராவி நூற்றுக்கு 7 அளவிற் கூடும். ஆகவே பெருமழை பின்னும் பெரிதாகும் என எதிர்பார்த்தல் தகும். ஒரு குறித்த நகருக்கு எவ்வளவு என்பதே அறுதியிட முடியாதது.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். 2008 நவம்பரில் ‘நிஷா’ சூறாவளியோடு வந்த மழை ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. ஆண்டு முழுவதிலும் இங்குப் பெய்வது ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். ஆண்டு மழையிற் காற்பங்குக்கு மேல் ஒரு பகலும் இரவுங் கொட்டித் தீர்த்தது. அத்தகைய மழைக்கென்று கான் வெட்டப் புகுந்தால் வீதிக்கு இடமிராது. வெட்டினும் பயன் முழுமையாகாது. நகரமோ கடல்மட்டத்தினின்று மிகச் சிறிதே உயர்ந்து, தட்டையாகக் கிடப்பது. வெள்ளம் போய்ச் சேரவேண்டிய இடம் கடனீரேரி. காற்றாலும் கடற்பெருக்காலும் அந்நீரேரி உயர்ந்து நிற்கும் வேளையில், கான் எத்துணை அகன்றதாயினும் நீர் இறங்காது. கடல்மட்டமோ உலகெங்கும் ஏறி வருகின்றது.

வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் முன்னோர் நீரை ஓட்டுவதினும் நிறுத்துவதையே பெரிதாகக் கருதினர். குளம், கேணி, துரவு என நம்மிடை வழங்குஞ் சொற்களையும், ஏந்தல், தாங்கல் எனத் தமிழகத்தார் நீர்நிலைகளுக்கு இட்ட பெயர்களையும் நோக்குக. ஏந்துதலுந் தாங்குதலுமே அங்கே தொழில். ஆரியகுளம், புல்லுக்குளம் முதலியன நகரத்தின் நடுவிலேயே அமைந்தவை. நகரத்துக் குளங்களிற் சில தூர்ந்தன. சிலவற்றின் கரையைக் கட்டடங்கள் நெருக்கின. ஆரியகுளம் 2021இற் புதுக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் மாலையில் உலாவும் இடமென அதனை மெச்சுவார் பலர். வெள்ளந் தாங்குங் கலமென எண்ணுவார் சிலர்.

இது பழமை பேசுவோர் மயக்கமென்று எண்ணற்க. 2011 யூலை 2ஆம் நாள், டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்கேகனில் இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் மழை கொட்டிற்று. அடுத்த ஆண்டு அந்நகரம் வகுத்த திட்டம், நிலத்தடிக் குழாய்களைப் பெரிதாக்குவதோடு நிற்கவில்லை. அன்றாட மழையைக் குழாயும், பெருமழையைப் பூங்காவும் தாழ்ந்த சதுக்கமும் வீதியும் ஏற்கும்படி பகுத்தது. நூறாண்டு மழையிலும் வீதியில் நீர் 10 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறாதிருக்க வேண்டுமென்பது அதன் இலக்கு.

குளத்தைக் காப்பதில் இன்னொரு நன்மையுண்டு. கணிப்புப் பிழைத்தாலும் அது வீணாகாது. மழை கூடினால் வெள்ளத்தை ஏற்கும். குறைந்தால், கிடைத்ததைச் சுண்ணக்கல்லினூடே இறக்கிக் கிணறுகளுக்கு ஊட்டும். தரைகீழ் நீரைப் பெரிதும் நம்பி வாழும் ஊருக்கு அது சிறிதன்று. அகன்ற கானோ வறட்சியிலும் நீரைக் கடலுக்கே கொடுத்துவிடும். ஆனால் வீதி நீரை அப்படியே குளத்தில் விடலாகாது. சுண்ணக்கல் நல்ல வடிகட்டியன்று. அதன் வெடிப்புகள் வழியே எண்ணெயும் மலசலகூடக் கழிவும் கிணற்றை விரைந்து அடையும். முதலில் ஒரு தொட்டியிலோ புல் நிறைந்த பள்ளத்திலோ தங்கி, வண்டல் படிந்த பின்னரே அந்நீர் குளம் புகவேண்டும். அதற்கும் நிலம் வேண்டும். எஞ்சியுள்ள தாழ்நிலங்களை வரைபடத்திற் குறித்து, எல்லைக்கல் நாட்டி, அங்கே கட்டடம் எழுப்ப அநுமதி மறுத்தல், புதிய கான் ஒன்றுக்கு மண்வெட்டி எடுக்குமுன் மாநகரசபை செய்யவேண்டிய வேலை.