சிலாவத்துறை: முகாமுக்குள் அகப்பட்ட வீட்டுக் காணிகள்

படையினருக்கும் குடும்பம் உண்டு. அவர்களது மனைவி, பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். இதை யாரும் மறுக்கவில்லை. அந்த வீடு யாருடைய காணியில் அமைய வேண்டும் என்பதே கேள்வி. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தை வைத்து இதனை விளக்கலாம் என நினைக்கிறேன்.

அமெரிக்காவில் முகாமுக்கு வெளியே வசிக்கும் படையினருக்கு, அந்தப் பகுதியின் வாடகையைக் கணக்கிட்டு வீட்டுப்படி வழங்குகிறார்கள். அதனால் முகாமுள்ள ஊர்களில் வாடகை வீடுகளுக்குப் போட்டி ஏற்படுகிறது. முசலியில் பிரச்சினை வாடகை அல்ல. காணியே மக்களின் கையில் இல்லை.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறை மக்களும் ஊரை இழந்தார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றியது. யுத்தம் முடிந்து மக்கள் திரும்பியபோது, ஊரின் மையத்தில் கடற்படை முகாம் இருந்தது. 30 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் 200க்கு மேற்பட்ட குடும்பங்களின் வீட்டுக் காணிகள் அகப்பட்டிருந்தன. 2019 பெப்ரவரியில் அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கியது இதற்காகவே.

பக்கத்திலுள்ள முள்ளிக்குளத்தின் கதை இன்னும் தெளிவானது. 2007 இல் வெளியேற்றப்பட்ட அந்தக் கத்தோலிக்கத் தமிழ் மக்களின் வீடுகளிலேயே கடற்படைக் குடும்பங்கள் குடியிருந்தன. 2017 ஏப்ரலில், போராட்டத்தின் பின் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. ஆனால் 27 வீடுகளுக்கு மாத்திரம் அவகாசம் கேட்டது. அங்குள்ள குடும்பங்களுக்கு மாற்று வீடு தேட வேண்டுமாம். நியாயமான காரணம்தான். ஆனால் அதே வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளியேறும்போது அவர்களுக்கு யார் மாற்று வீடு தேடிக் கொடுத்தார்கள்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1990 இல் நான்கு பிள்ளைகளோடு வெளியேறிய ஒருவரின் ஒரு குடும்பம், பிள்ளைகள் திருமணம் முடித்ததும் ஐந்து குடும்பங்களாகிவிட்டது. இருந்த காணியும் முகாமுக்குள் என்றால் ஐந்து குடும்பங்களும் காணியற்றவை. காணி இல்லாவிட்டால் வீட்டுத் திட்டத்திலும் இடமில்லை.

"வேறு காணி கொடுக்கலாமே" என்பார்கள். எங்கே கொடுப்பது? 2017 மார்ச்சில் 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு மாவில்லுப் பேணற்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் வனப் பாதுகாப்பு. இடையில் மிஞ்சிய நிலத்துக்குள்தான் திரும்பி வருவோர் அனைவரும் அடங்க வேண்டும்.

புத்தளத்தில் படிப்பிக்கும் எனக்கு, முசலியைப் பூர்வீகமாகக் கொண்ட மாணவர்கள் பலர் உண்டு. ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்று பெற்றோரிடம் கேட்டால், "போய் எங்க இருக்கிறது சேர்?" என்பதே பதில். "அவர்களுக்குத் திரும்ப விருப்பமில்லை" என்று கூறுபவர்கள் இந்தப் பதிலைக் கேட்க வேண்டும்.

தீர்வு கடினமானதல்ல. முகாமையும் படையினரின் குடும்ப விடுதிகளையும் குடியிருப்பில்லாத அரச காணிக்கு மாற்ற முடியும். பள்ளிவாசலும் மையவாடியும் பாடசாலையும் உள்ள ஓர் ஊரை அப்படி மாற்ற முடியாது. காணி விடுவிப்புக்கு அரசு எழுத்து மூலம் கால எல்லை விதிக்க வேண்டும். விடுவிக்கும் வரை உரிமையாளர்களுக்கு வாடகையாவது வழங்க வேண்டும்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. உறுதி, உத்தரவுப்பத்திரம் இல்லாதவர்கள் 1990க்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பழைய பாடசாலைச் சேர்விடாப்பு ஆகியவற்றின் பிரதிகளையாவது தேடி எடுங்கள். அவற்றோடு பிரதேச செயலகத்தில் கோரிக்கையை எழுத்தில் பதியுங்கள். காணியை அறிந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக் கொண்டிருக்கிறார்கள். எல்லையைக் காட்ட ஆள் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.