கடதாசி வெட்டில் தைக்கும் தீபாவளிக் கவுன்



போன தீபாவளிக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, தீபாவளி முற்பணத்தில் பண்டாரவளைக்குப் போய் ரோஸ் நிற சாட்டின் துணி எடுத்து வந்தார். '10 வயது' என்று போட்டிருந்த கடதாசி வெட்டைத் துணியில் வைத்து, அப்படியே வெட்டிவிட்டார். பிள்ளையோ மெலிந்த உடம்பு. தோள் இறங்கிப்போச்சு, மார்பு தொளதொளன்னு நின்னுச்சு. அந்தப் பிள்ளை கோயிலில் கடைசிவரை சுவெட்டரைக் கழற்றவே இல்லை. தையலில் குறையில்லை. கடதாசியைத் திருத்தாமல் வெட்டியதுதான் பிழை.

வெட்டு என்பது யாரோ ஒரு பொதுவான உடம்புக்குப் போட்டது. அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர் 1863ஆம் ஆண்டில் பல அளவுகளில் கடதாசி வெட்டு விற்கத் தொடங்கினார். அன்றைக்கும் இன்றைக்கும் கதை ஒன்றுதான்: வயதைப் பார்த்து எடுக்கக்கூடாது, மார்பளவைப் பார்த்து எடுக்க வேண்டும். தையலுக்கு விடும் துணி கடதாசியிலேயே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிலதில் சேர்த்திருப்பார்கள், சிலதில் நாம்தான் விட வேண்டும். கொமினிகேசனில் அச்செடுத்த தாள் என்றால், அதிலுள்ள சோதனைச் சதுரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அது சுருங்கியிருந்தால் கவுனும் சுருங்கும்.

இனித் திருத்துவதைப் பார்ப்போம். உங்கள் பிள்ளைக்கு மார்பு 26 அங்குலம், வெட்டு 28 அங்குலப் பிள்ளைக்கு உரியது என்று வைப்போம். வித்தியாசம் 2 அங்குலம். கடதாசியில் முன்பக்கமும் பின்பக்கமும் பாதிப்பாதிதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளும் மொத்தச் சுற்றில் கால்வாசி, குறைக்க வேண்டியது தாளுக்கு அரை அங்குலம். பலர் இதை அக்குள் பக்கத்தில் வெட்டி எடுப்பார்கள். அப்படிச் செய்தால் கை பொருத்தும் வளைவு கெட்டுவிடும், தோளும் அகலமாகவே நிற்கும். தோளின் நடுவிலிருந்து இடுப்புவரை நேர்கோடு போட்டு, கோட்டில் கடதாசியை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி ஒட்டுங்கள். தோளும் சேர்ந்து அரை அங்குலம் குறையும், கழுத்தும் கைவளைவும் அப்படியே இருக்கும். தோள்கோட்டை மட்டும் நேராக்கிக் கொள்ளுங்கள். பிள்ளை குண்டு என்றால் இதே இடத்தில் ஒட்டாமல் விரித்து, நடுவில் வேறு கடதாசி ஒட்டுங்கள். மேல்பாகம் நீளமென்றால் அக்குளுக்குக் கீழே குறுக்காக மடியுங்கள். பாவாடைப் பாகம் சுருக்கு வைப்பதென்றால் சுருக்கைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம்.

கவுன் உடம்போடு ஒட்டி இருக்கக்கூடாது. மார்பில் 2, 3 அங்குலம் தளர்வு வேண்டும். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கடதாசிமேல் விரித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

புதுத்துணியில் கை வைக்கமுன் பழைய பெட்ஷீட்டிலோ கிழிந்த சேலையிலோ மேல்பாகத்தை மட்டும் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். கொழுந்துக்குப் போய் களைத்து வந்து இது என்ன வீண்வேலை என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் வெட்டிய சாட்டினை ஒட்டவைக்க முடியாது.

பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயப்போடுங்கள். எல்லப் பக்கத்து ஐப்பசி மழையில் காய நாளெடுக்கும், அதனால் முன்கூட்டியே செய்யுங்கள். சாட்டினில் எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும். தலைகீழாக வெட்டிய துண்டு வெயிலில் வேறு நிறமாகத் தெரியும். அம்புக்குறி துணியின் கரைக்கு நேராக ஓட வேண்டும்.

பக்கத் தையலில் 1 அங்குலமும், கீழ்மடிப்பில் 3 அங்குலமும் விட்டு வையுங்கள். அடுத்த வருசம் பிள்ளை வளர்ந்ததும் பிரித்து விடலாம். பழைய மடிப்புக்கோடு தெரிந்தால், அதன்மேல் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்தால் புதுக்கவுன் மாதிரியே இருக்கும்.