மாறிய முகவரி
ஆய்வேடு ஒப்படைக்க மூன்றே நாள் இருக்கையில் என் மெய்நிகர்க் கணினி விழிக்க மறுத்தது. இடம் போதாமையால், முதல்நாள் கணக்குகளைப் பிரதி எடுத்துவிட்டு, அவை இருந்த வட்டுப் பகுதியை அழித்து, பெரிதாக்கிப் புதிதாக வடிவமைத்திருந்தேன். மறுமுறை இயக்கியபோது லினக்ஸ் 90 வினாடி காத்திருந்து, 'எமர்ஜென்சி மோடில்' நின்றுவிட்டது.

காரணம் யாது? வடிவமைக்கும்போதெல்லாம் பகுதிக்கு 'யூயூஐடி' என்னும் புதிய அடையாள எண் கிடைக்கிறது. 'ஈடிசி' அடைவிலுள்ள 'எஃப்எஸ்டேப்' கோப்போ பழைய எண்ணையே தேடுகிறது. நான் விடுதி அறை மாறியதை அறியாமல், அம்மா பழைய அறைக்கே பொட்டலம் அனுப்பியதைப் போல!

'ரூட்' கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, 'பிஎல்கேஐடி' கட்டளையால் புதிய எண்ணைக் கண்டு, கோப்பில் திருத்தினேன். கணினி எழுந்தது; ஆய்வேடும் பிழைத்தது.

வட்டைத் தொடுமுன் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வையுங்கள். தொட்டபின் முகவரியைத் திருத்த மறவாதீர்கள்.