மருந்தை முறிக்கும் மரபணு

2008ஆம் ஆண்டில், சிறுநீர்த் தொற்றுற்ற ஒருவரிடமிருந்து கிளெப்சியெல்லா என்னும் நுண்ணுயிரியைச் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் பிரித்தெடுத்தனர். இந்திய வழியினரான அவர், சற்று முன்னர்தான் புதுதில்லி மருத்துவமனையொன்றில் பண்டுவம் பெற்றிருந்தார். இறுதிக் காப்பெனப் போற்றப்படும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அந்நுண்ணுயிரி மடியவில்லை. அதனினும் அச்சந்தருவது, அவரது மலத்திலிருந்த ஈகோலை என்னும் வேற்றினத்திலும் அதே எதிர்ப்பு மரபணு காணப்பட்டமை. அவர் உடலுக்குள்ளேயே அது இனம் விட்டு இனம் தாவியிருக்கக்கூடும்.

அம்மரபணு ஈனும் நொதியே என்டிஎம்-1. அதன் ஆற்றலை உணர மருந்தின் அமைப்பை அறிதல் வேண்டும். பெனிசிலின், செபலோசுபோரின், கார்பபெனெம் ஆகிய மூன்று குடும்பங்களுக்கும் உயிர்நிலை, நான்கே அணுக்களாலான ஒரு வளையம். வலிந்து வளைத்த வில்லைப்போல் விறைத்து நிற்கும் அவ்வளையம், நுண்ணுயிரியின் புறச்சுவரைக் கட்டும் நொதிகளைப் பற்றிச் செயலறச் செய்யும். சுவர் நலிந்து உயிரி வெடித்தழியும். என்டிஎம்-1 நொதியின் குழிவிலோ இரண்டு துத்தநாக அயனிகள் அமர்ந்துள்ளன. அவை நீர்மூலக்கூறு ஒன்றை முடுக்கி வளையத்தின்மேல் ஏவ, வளையம் அறுந்து மருந்து பயனற்றுப் போகிறது.

இம்மரபணு பெரும்பாலும் பிளாசுமிடு எனும் சிறு டிஎன்ஏ வட்டத்தில் உறைகிறது. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நுண்ணுயிரிகள் அதனைப் படியெடுத்து வழங்கிக்கொள்கின்றன. வேறு பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் அதே வட்டத்தில் சேர்ந்தே பயணம் செய்வதுண்டு.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக 2010இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை, அரியானா, பிரித்தானியா ஆகிய இடங்களில் இம்மரபணுவின் பரவலைக் காட்டியது. மறு ஆண்டில் வெளிவந்த ஆய்வோ மருத்துவமனைச் சுவருக்கு வெளியே சென்றது. தில்லியில் எடுத்த 171 தேங்குநீர் மாதிரிகளுள் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளுள் 2இலும் அம்மரபணு இருந்தது. குடிநீரில் இரண்டே என ஆறுதல் கொள்வதற்கில்லை, ஒன்றும் இருந்திருக்கலாகாது.

2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இம்மருந்தெதிர்ப்பைத் தடுக்க வகுத்த சாற்றுரை, குறையற்ற கொள்கையைவிட நடைமுறைக்கு இயன்ற கொள்கையே தேவை என்றது. மருத்துவரை எட்டாத சிற்றூர்கள் மிகுந்த நாட்டில் அது நேர்மையான நிலைப்பாடு. 2014 மார்ச்சு முதல், சில மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். கார்பபெனெமும் கைவிட்டபின் மருத்துவர் நாடும் கொலிசுட்டின் மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுப்பதற்கு 2019இல் தடை வந்தது.

இவை தேவையே, ஆயினும் போதா. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் குருதியில் எதிர்ப்புற்ற கிளெப்சியெல்லா பெருகும்போது, அக்குழந்தை எந்த மருந்தையும் வீணாக உட்கொண்டதில்லை. கழுவாத கையோ, துப்புரவற்ற குழாயோ, கைகழுவும் தொட்டியின் வடிகாலோ அதனைக் கொண்டுசேர்த்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தொட்டிலுக்கும் இடையே கைத்தூய்மை, நெரிசலற்ற படுக்கை வரிசை, எதிர்ப்புற்ற நுண்ணுயிரியைத் தாங்கியோரைக் கண்டு தனித்துப் பேணுதல் ஆகியவற்றுக்கு மருந்துக்கு ஒதுக்குமளவு பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும். மருத்துவமனைக் கழிவுநீர் நகரச் சாக்கடையில் கலக்குமுன் தூய்மைப்படுத்தப்படுகிறதா என்பதையும் அரசு அளந்தறிந்து வெளியிட வேண்டும்.