உங்களுக்குத் தெரியுமா? பாலில் டிகிரி குறைந்தால் தண்ணீர்தான் காரணமா?

ஆட்டையாம்பட்டி என்றதும் எல்லாருக்கும் கைமுறுக்குதான் நினைவுக்கு வரும். அந்த ஊரைச் சுற்றிய காடு தோட்டங்களில் விடிவதற்கு முன்பே எழுந்து கறக்கிறவர்களுக்கோ ‘இன்னைக்கு எத்தனை டிகிரி?’ என்ற கேள்விதான் பெரிது. பசும்பாலின் டிகிரி வழக்கமாக 28 முதல் 32 வரை இருக்கும். பாலில் மிதக்கவிட்டு இந்த டிகிரியைப் பார்க்கும் கருவியான லாக்டோமீட்டர் 28 காட்டினால், ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் என்ற கணக்கில் அந்தப் பால் ஒரு லிட்டர் 1,028 கிராம் எடை என்று பொருள்.

●

கறந்த சூட்டோடு டிகிரி பார்த்தால் கணக்கு தப்பும். சூடான பால் இலேசானது, அதனால் லாக்டோமீட்டர் கூடுதலாக அமிழ்ந்து குறைவாகக் காட்டும். கருவியில் பொறித்திருக்கும் வெப்பநிலையைவிடப் பால் 5 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால், வரும் அளவோடு ஏறக்குறைய 1 சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் என்ன நட்டம் என்கிறீர்களா? எஸ்.என்.எஃப். என்னும் கொழுப்பற்ற திடப்பொருளைக் கணக்கிடும் சூத்திரத்தில் லாக்டோமீட்டர் அளவை நாலால் வகுக்கிறார்கள். ஆக ஒரு டிகிரி போனால் எஸ்.என்.எஃப்.பில் கால் சதவீதம் போகிறது. பால் கூட்டுறவு சொசைட்டியில் விலை போடுவது கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் வைத்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. கறந்தவுடன் பாலில் நுரையும் காற்றும் நிறைய இருக்கும், கொழுப்பும் இளகிய நிலையில் இருக்கும். அதே பாலைச் சில மணி நேரம் ஆறவைத்துப் பார்த்தால் டிகிரி சற்றுக் கூடியிருக்கும்.

●

ஆடையை எடுத்த பாலில் டிகிரி ஏறும். கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. அதை நீக்கினால் மிச்சப் பால் கனக்கும். ஆடையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் லாக்டோமீட்டர் பழைய அளவையே காட்டும். அதனால்தான் டிகிரியை மட்டும் பார்த்துப் பாலை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

●

‘டிகிரி காபி’ என்ற பெயரே லாக்டோமீட்டரால் வந்தது, டிகிரி பார்த்த கலப்படமற்ற பாலில் போட்ட காபி அது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.

●

கொழுப்பு பார்க்கும் கெர்பர் முறை 1891-ல் வந்தது. கண்டுபிடித்த நிக்லாஸ் கெர்பர் சுவிட்சர்லாந்துக்காரர். 10 மி.லி. கந்தக அமிலம், 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். குழாயைச் சுழற்றினால் கொழுப்பு மட்டும் பிரிந்து மேலே நிற்கும், சதவீதத்தைக் கண்ணாலேயே படிக்கலாம். இன்று பல சொசைட்டிகளில் இருக்கும் மில்க் அனலைசருக்கு அமிலம் தேவையில்லை. அது பாலுக்குள் மீயொலியைச் செலுத்தி அளக்கிறது.

●

ஒரே மாடு, ஒரே கறவை, ஆனால் முதல் பீச்சில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான். கடைசிப் பீச்சில் 5 சதவீதத்தையும் தாண்டும். அவசரத்தில் மடியை முழுதாகக் கறக்காமல் எழுந்துவிட்டால் நெய்யெல்லாம் மடியிலேயே தங்கிவிடும்.

●

நீலச் சாயமும் பாலைச் சோதிக்கும். மெத்திலீன் நீலத்தைச் சில சொட்டு விட்டு 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். பாலில் கிருமி பெருகப் பெருக நீலம் மறையும். 5 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால்.

●

எந்த லாக்டோமீட்டருக்கும் சிக்காதது ஒன்று உண்டு: அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றைத் தின்ற மாட்டின் பாலில் ஒரு நாளுக்குள் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அவர்கள் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88 மாதிரிகள் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. இதைப் படித்தபோது எனக்கு மனசு கலங்கியது. தண்ணீர் கலந்ததைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தீவன மூட்டை நனைந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் தெளிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

●

பசும்பாலில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3 சதவீதம். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமலே எஸ்.என்.எஃப். இதற்குக் கீழே இறங்கலாம். கோடை வெயிலில் மாடு தீவனம் குறைத்துக்கொண்டால் இறங்கும். வெறும் தட்டும் வைக்கோலும் போட்டு, சத்துத் தீவனம் போதாமல் போனாலும் இறங்கும். வெளியே தெரியாத மடிநோய் இருந்தாலும் இறங்கும். மடிநோய் வந்த காம்பில் பாலின் இனிப்பான லாக்டோஸ் குறைந்து உப்பு கூடும். அனுபவப்பட்டவர்கள் நாக்கில் வைத்து ‘பால் கரிக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில்தான் பாவம் நிறைய பேருக்கு ‘தண்ணி ஊத்தறவன்’ என்ற பழி வந்து சேர்கிறது. பழியைத் தீர்க்கவும் ஒரு சோதனை இருக்கிறது. பால் உறையும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரிக்குச் சற்று அதிகம், ஏறக்குறைய மைனஸ் 0.53. மாட்டின் இரத்தத்தோடு சமன்பட்டு நிற்பதால் இந்த எண் எளிதில் மாறாது. லாக்டோஸ் குறைந்த இடத்தை உப்பு நிரப்பிவிடும். தண்ணீர் சேர்த்தால் மட்டும் அது பூஜ்யத்தை நோக்கி நகரும். கிரையோஸ்கோப் என்ற கருவி அதைக் காட்டிக்கொடுக்கும்.

●

மடிநோயைக் கட்டுத்தறியிலேயே கண்டுபிடிக்க அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்தால் போதும். நாலு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பீச்சி, அதே அளவு கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். நோய் இருக்கிற காம்பின் பால் மட்டும் சளிபோலக் கெட்டிப்படும். கிருமியோடு போராட மடிக்கு வந்த வெள்ளணுக்களைச் சோப்பு உடைப்பதால் அப்படி ஆகிறது. ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் 1957-ல் கலிபோர்னியாவில் இந்தச் சோதனையின் மூல வடிவத்தை வெளியிட்டார்கள். சோதித்த பாலைக் கீழே கொட்டிவிடுங்கள், கேனில் ஊற்ற வேண்டாம். காம்பு எது என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற மூன்று காம்பையும் முதலில் கறந்துவிட்டு அந்தக் காம்பைக் கடைசியாகக் கறக்க வேண்டும், இல்லையென்றால் கை வழியாகவே நோய் பரவும்.