சங்கிலியும் கணினியும் – 8: கணக்கைத் திறந்து காட்டுவது யார்?

ஒரு நாட்டில் கைக்குழந்தைகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடிக் குறைவதில்லை. அதனால் டயப்பர் விற்பனையும் கடைகளில் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் பாம்பர்ஸ் டயப்பரைத் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துக்கு வியாபாரிகளிடமிருந்து வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. அந்த நிறுவனம் தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குக் கொடுத்த ஆர்டர்களில் ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். சாட்டையின் கைப்பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு. அதனால்தான் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீயும் இரு சகாக்களும் 1997-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு நான்கு காரணங்களைக் காட்டினார்கள். விநியோகச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உண்மையான விற்பனையைப் பார்க்காமல், தனக்கு வந்த ஆர்டரை மட்டும் பார்த்து அடுத்த மாதத்தைக் கணிக்கிறது. ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுகிறார்கள். தள்ளுபடி வந்தால் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்கிறார்கள். தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் கூட்டிக் கேட்கிறார்கள். இதில் முதல் காரணத்தைக் கணினி நேரடியாகத் தீர்க்கும், இரண்டாவதை ஓரளவு குறைக்கும். மற்ற இரண்டும் விலையையும் ஒப்பந்தத்தையும் சேர்ந்தவை. நிறுவனங்களுக்கிடையே ஒத்துழைப்பு எங்கே நிலைத்தது, எங்கே உடைந்தது என்று பார்த்தால், இந்தப் பின்னிரண்டில்தான் விடை இருக்கிறது என்பது என் வாதம்.

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் உதாரணம் வால்மார்ட். எண்பதுகளின் நடுப்பகுதிவரை வால்மார்ட்டும் ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் பேரத்தில் மட்டுமே சந்தித்துக்கொண்ட நிறுவனங்கள். 1987-ல் வால்மார்ட்டின் சாம் வால்டனும் ப்ராக்டர் அண்ட் கேம்பிளின் துணைத் தலைவர் லூ பிரிட்செட்டும் ஒரு படகுப் பயணத்தில் மனம்விட்டுப் பேசிய பிறகு நிலைமை மாறியது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தன் ஆட்களை வால்மார்ட் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே குடியமர்த்தியது. வால்மார்ட் தன் விற்பனைக் கணக்கைத் திறந்து காட்டியது. எவ்வளவு டயப்பர் அனுப்புவது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத் தயாரிப்பாளரே முடிவுசெய்தார். 1991-ல் ரீடெயில் லிங்க் வந்தபோது மற்ற சப்ளையர்களும் தங்கள் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது என்று பார்க்க முடிந்தது. இதைக் கணினியின் வெற்றியாக எழுதுகிறவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வால்மார்ட் ஏற்கெனவே திடீர்த் தள்ளுபடிகளைத் தவிர்த்து எந்நாளும் ஒரே குறைந்த விலை என்ற முறையில் நடந்துவந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் வியாபாரிகளுக்குத் தந்துவந்த தள்ளுபடிகளைக் குறைத்து நிலையான விலைக்கு மாறியது. வாங்கிக் குவிப்பதில் லாபம் இல்லை என்றான பிறகுதான் விற்பனைக் கணக்கும் ஆர்டரும் ஒன்றையொன்று ஒத்துப்போக முடிந்தது. தள்ளுபடியை அப்படியே விட்டுவிட்டுக் கணினியை மட்டும் இணைத்திருந்தால், ஆர்டர்கள் எப்படி அலைபாய்கின்றன என்பதை இன்னும் துல்லியமாகப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அதே வால்மார்ட் 2003-ல் இன்னொரு தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. முக்கியமான நூறு சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் தங்கள் பெட்டிகளிலும் சரக்குத் தட்டுகளிலும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை ஒட்ட வேண்டும் என்று அறிவித்தது. ரேடியோ அலையால் படிக்கப்படும் அட்டை இது. பெட்டி கிடங்கில் இருக்கிறதா, கடைக்கு வந்துவிட்டதா என்பது உடனே தெரியும். அட்டை உண்மையிலேயே வேலை செய்தது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஆய்வு, அலமாரியில் சரக்கு தீர்ந்துபோவது 16 சதவீதம் குறைந்ததாக 2005-ல் காட்டியது. ஆனால் அட்டைக்கும் கருவிக்கும் ஆகும் செலவு சப்ளையருடையது, பலனின் பெரும்பகுதி கடையில். பல சப்ளையர்கள் லாரியில் ஏற்றும் நேரத்தில் அட்டையை ஒட்டி அனுப்பினார்களே தவிர, தங்கள் ஆலைக்குள் அதைப் பயன்படுத்தவில்லை. வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப், அட்டையில்லாத சரக்குக்குக் கட்டணம் விதிப்பதாக 2008-ல் எச்சரித்தும் பயனில்லை. திட்டம் மெல்ல ஓய்ந்தது. அட்டையின் விலைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது: விலை இறங்கிய பிறகு ஆயத்த ஆடை விற்பனையில் அதே அட்டை நன்றாகவே வேரூன்றியது. ஆனால் விலை அதிகமாக இருந்த ஆண்டுகளில் அந்தச் சுமையை யார் சுமப்பது என்ற கேள்விக்குத்தான் வால்மார்ட் நியாயமான பதில் வைத்திருக்கவில்லை.

தகவல் இன்னும் வேகமாக, இன்னும் விரிவாகப் பாய்ந்தால் இந்தச் சிக்கலெல்லாம் தீராதா என்று கேட்கலாம். அதற்கு சிஸ்கோவின் அனுபவம் பதில் சொல்கிறது. தன் சப்ளையர்களோடு இணையம் வழியே பின்னிப் பிணைந்திருப்பதற்காகவே புகழப்பட்ட நிறுவனம் அது. அது 2001-ல் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டமாகக் கணக்கிலிருந்து நீக்க நேர்ந்தது. தட்டுப்பாட்டுக்குப் பயந்த வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்குப் பல இடங்களில் ஆர்டர் போட்டிருந்தார்கள். கணினி அந்த ஆர்டர்களைப் பழுதில்லாமல் கொண்டுசேர்த்தது. அவற்றில் எது உண்மைத் தேவை என்று அதனால் சொல்ல முடியவில்லை. கூட்டிக் கேட்டவருக்கு எந்த இழப்பும் இல்லாத ஒப்பந்தத்தில் அந்த உண்மை எந்தக் கம்பி வழியாகவும் வராது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பலம் படைத்த ஒருவர் கட்டாயப்படுத்தாமல் எந்தப் பொதுமுறையும் பரவியதில்லை, எல்லோரும் மனமொத்து வரட்டும் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது என்பது அது. சரிதான். ஆனால் கட்டாயத்தால் ஒருவரை இணைக்க முடியுமே தவிர, அவர் தன் கணக்கைத் திறந்து காட்டும்படி செய்ய முடியாது. பலமுள்ளவர் அமைத்த தளமும் இங்கேதான் தடுக்கியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், ஐ.பி.எம்.முடன் சேர்ந்து 2018-ல் பிளாக்செயின் என்னும் பகிர்வுப் பதிவேட்டில், சரக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ள அமைத்த டிரேட்லென்ஸ் தளத்துக்குத் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. போட்டியாளர் நடத்தும் தளத்தில் நம் சரக்கு விவரத்தை வைப்பதா என்ற தயக்கம் தொடக்கத்திலேயே எழுந்தது. பிறகு பெரிய நிறுவனங்கள் சில சேர்ந்தன. அப்படியும் தேவையான அளவு உலகளாவிய ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடலை அறிவித்தார்கள்.

நம் ஊருக்கும் இதில் நேரடியான பங்கு இருக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு வேலையைவிடப் பெரிய கவலை, பில் பணம் எப்போது வரும் என்பது. இதற்காகவே ரிசர்வ் வங்கி 2014-ல் ட்ரெட்ஸ் முறைக்கு வழி வகுத்தது. பட்டறையின் பில்லைத் தளத்தில் ஏற்றி, வாங்கிய நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டிபோட்டு முன்பணம் தருகின்றன. பிறகு நிறுவனம் பணம் கட்டத் தவறினாலும் பட்டறையிடம் திருப்பிக் கேட்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லாம் அந்த 'ஏற்றுக்கொண்டால்' என்பதில் நிற்கிறது. 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று 2018-ல் விதித்தார்கள், 2024-ல் அந்த வரம்பை 250 கோடியாகக் குறைத்தார்கள். பதிவு கட்டாயம்தான், பில்லை ஏற்பது கட்டாயமில்லை. ஏற்கச் சொல்லி வற்புறுத்தினால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று அஞ்சும் பட்டறைக்காரருக்கு இந்தத் தளம் இருந்தும் இல்லாதது போலத்தான். இத்தனைக்கும் சரக்கு எந்த நாளில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது என்பது வாங்கிய நிறுவனத்தின் கணினியிலேயே பதிவாகிவிடுகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டமும் சொல்கிறது. அந்தக் கெடு கடந்ததும் பில் தானாகவே ட்ரெட்ஸில் ஏற்கப்பட்டதாக மாறும்படி விதி செய்யலாம். அதற்குப் புதிதாக எந்த மென்பொருளையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

(தொடரும்)